கரடிக்குக் கட்டிய சந்தா

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம் வேண்டாம், உங்கள் ஆபீஸ் தோழிகளிடம் வேண்டாம், அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்கும்போது யாராவது என்ன என்று கேட்டால் ஏதோ பில் என்று சொல்லுங்கள். பொய்யாகாது, ஒரு வகையில் இதுவும் பில்தான்.

நீங்களும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, தங்கை வாண்டுவுக்குக் கால் உடைந்திருக்கிறது. மற்றபடி சௌக்கியம். இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்து மேஜைக்காரர் எனக்குப் புத்தி சொல்வார். அதனால் காலையில் பள்ளி வேன் டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்து, போகிற வழியில் உங்கள் ஆபீஸ் வாசலில் கொடுக்கச் சொல்லப் போகிறேன். விளக்கைப் போட்டால் அப்பா எழுந்து வந்துவிடுவார். ஆகவே கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். திரையில் ஒரு கரடி ஆடிக்கொண்டிருக்கிறது. சத்தத்தை அடைத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பாதிக் காரணம் பயம், பாதிக் காரணம் கரடி.

விஷயம் இதுதான். நாளை சாயங்காலம் பழைய சாமான்காரர் வந்து எங்கள் கம்ப்யூட்டரை எடுத்துப் போகப் போகிறார். அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் வந்து தடுக்க வேண்டும்.

வாண்டு துணி அலமாரியின் மேலே ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பறக்க முடியுமா என்று பார்த்தாளாம். டாக்டர் கேட்டதற்கு, "பாதி தூரம் பறந்துட்டேன் அங்கிள், அப்புறம்தான் விழுந்தேன்" என்றாள். கட்டுப் பிரிக்கும்வரை குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவருக்குக் குழந்தைகள் கிடையாது போலிருக்கிறது. மறுநாளே வாண்டு கட்டுப் போட்ட காலோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். படம் வரையச் சொன்னோம், கட்டின் மேல் வரைந்தாள், பிறகு சுவரில், பிறகு தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகில். கம்ப்யூட்டர் விளையாட்டின் முன்னால் மட்டும்தான் அவள் உட்காருகிறாள். நாளைக்குக் கம்ப்யூட்டர் போனால் நாளன்றைக்கு இன்னொரு காலும் போய்விடும். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது நான்தான், பள்ளி போன நேரம் தவிர. ஆகவே உடைகிற கால் அவளுடையதாக இருந்தாலும் அடி எனக்குத்தான்.

விளையாட்டு வாங்க அப்பா முதலிலேயே சம்மதித்தார். ஆனால் ஒரு சட்டம் போட்டார். "ஒரு தடவை காசு கேட்டா குடுக்கலாம். சந்தா கிந்தான்னு மாசாமாசம் கை நீட்டற எதுவும் இந்த வாசப்படி ஏறக்கூடாது. புரியுதா?" புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் லிஃப்ட் கம்பெனியும் பராமரிப்பு என்று சொல்லி ஊரில் இருக்கிற கட்டடங்களிடமெல்லாம் மாசாமாசம் வாங்குகிறதே என்று கேட்டுவிட்டேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு அறைக்கே வந்தது. மறுநாள் தண்டனையாக என்னையே விளையாட்டுத் தேர்வுக் குழுவுக்குத் தலைவியாக்கினார். குழுவில் வேறு ஆள் கிடையாது.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது ஒரு நாய்க்குட்டி. முழுக்க முழுக்க இலவசம் என்று போட்டிருந்தது. வளர்க்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பந்து போட வேண்டும். வாண்டு அதற்குப் பொரி என்று பெயர் வைத்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு பொரி மெலிய ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டைத் தொட்டால் சந்தா கேட்டது. நாய் இலவசம்தான், தீனிக்குத்தான் சந்தாவாம். அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த நாயைப் பார்த்தார். "இருக்கற நாய்க்கே நான் சோறு போட்டதில்ல. இல்லாத நாய்க்குப் போடணுமா?" என்று சொல்லி அழித்துவிட்டார். வாண்டு அழுத அழுகையில் எதிர்வீட்டுத் தையல்கார அம்மா ஓடி வந்தார்கள். "பொரி செத்துப்போச்சு" என்றாள் வாண்டு. அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டார்களோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நான்கு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல ஏதாவது சாப்பிட்டுதா சார்?" என்று கேட்டார்.

அடுத்தது கடையில் வாங்கினோம். ஒரே தடவை பணம், சந்தா இல்லை, ஆயுசுக்கும் ஆடலாம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் காற்றும். சீட்டில் இருக்கிற எண்ணைத் தட்டினால் விளையாட்டு தானே வந்து இறங்குமாம். அப்பா திரும்பக் கடைக்குப் போனார். "பிரிச்ச டப்பாவை எடுக்க மாட்டோம் சார்." "பிரிக்காம உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" கடைக்காரர் அடுத்த ஆளுக்கு இன்னொரு காற்று டப்பாவை எடுக்கப் போய்விட்டார். பணம் வரவில்லை. விளையாட்டு இறங்கத்தான் செய்தது. விமானம் ஓட்டும் விளையாட்டு. ஆனால் எங்கள் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டதா, விமானம் ஓடுபாதைக்கு வந்து சேரவே மத்தியானம் ஆயிற்று. வாண்டு கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது பஸ்ஸாக்கா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் ஜன்னலை விட்டுவிட்டுப் பரணுக்கு முயற்சி செய்தாள்.

அதன் பிறகுதான் கரடி வந்தது. இது வைத்தியம் பார்க்கும் கரடி. முயலுக்கும் ஆமைக்கும் கட்டுப் போட அதற்கு நாம் உதவி செய்ய வேண்டும். வாண்டுவுக்குக் கட்டு என்றால் இப்போது உயிர். பார்த்த மாத்திரத்தில் அடங்கி உட்கார்ந்தாள். ஒரு வாரம் இலவசம், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று எழுதியிருந்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார், வீடு அமைதியாக இருப்பதையும் கவனித்தார். "ஒரு வாரம் ஆடட்டும். முடியறதுக்கு முன்னாடி நம்ம ரத்து பண்ணிடுவோம். அவன் ஏமாளின்னா நாம என்ன பண்றது" என்றார். கார்டு எண் கேட்டது. அப்பா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார்.

வாரம் முடியும் நாளில் குடும்பமே கம்ப்யூட்டர் முன்னால் கூடியது. ரத்துக்கான பக்கத்தை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். திரையில் இப்படி இருந்தது: "உங்கள் சந்தாவை ரத்து செய்ய விரும்புகிறீர்கள்." அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'தொடர்க', இன்னொன்றில் 'ரத்து'.

"ரத்து பண்ணத்தான வந்தோம். ரத்துன்னு போட்டிருக்கான். அமுக்கு" என்றார் அப்பா.

"அப்பா, அது ரத்து பண்றதையே ரத்து பண்ற பொத்தானா இருந்தா?"

"ரத்தை எப்படிடி ரத்து பண்ணுவாங்க? அப்ப தொடர்கன்னா என்ன அர்த்தம்? உங்கம்மாவைக் கேளு, தமிழ் டீச்சர்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "தொடர்க. வியங்கோள் வினைமுற்று. வாழ்த்தறதுக்கும் வரும், வைறதுக்கும் வரும். வாழ்க, ஒழிக மாதிரி."

"இப்ப இவன் வாழ்த்தறானா, வைறானா?"

"எழுவாய் தெரியாம எப்படிங்க சொல்றது? எது தொடர்க? சந்தா தொடர்கவா, ரத்து தொடர்கவா? எழுவாயை முழுங்கிட்டு எழுதியிருக்கான். என் கிளாஸா இருந்தா பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன்."

"கரடியை அப்புறம் பெஞ்ச் மேல ஏத்து. இப்ப எதை அமுக்கறது?"

"நான் அமுக்கட்டா?" என்றாள் வாண்டு. "கையை எடு" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னோம். எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்பா 'ரத்து' பொத்தானை அமுக்கினார். கரடி கை தட்டி, "மிக்க மகிழ்ச்சி, நன்றி" என்றது. "பாத்தியா? விட்டுட்டுப் போறவனுக்கும் என்ன மரியாதை குடுக்கறான்" என்று அப்பா உருகிப் போனார். மாதம் பிறந்ததும் பணம் எடுத்துக்கொண்டோம் என்று அப்பாவுக்கு மெயில் வந்தது. அப்பா மறுபடி வந்து 'ரத்து' பொத்தானை இன்னும் பலமாக அமுக்கினார். கரடி குட்டிக்கரணம் போட்டது. அதற்கடுத்த முறை தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்து வணங்கியது. தன்மேல் இத்தனை பாசம் வைத்த குடும்பத்தை அது பார்த்திருக்காது. அம்மா எழுவாய், எழுவாய் என்று கத்திக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அப்பாவுக்கு என்மேல் சந்தேகம். "பகல்ல நான் ரத்து பண்றேன், ராத்திரி நீ எழுந்து தொடர்கவை அமுக்கற. வேற எப்படி நடக்கும்?" நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. போன வாரத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நேற்று என்னைப் பார்த்து, "காசு போனா போகுது, இந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்ல இருக்கவே கூடாது" என்றார். காசு போனால் போகிறது என்று அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. பயந்துவிட்டேன். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டாலும் சந்தா போகாது, அது கார்டில் இருக்கிறது என்று சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார்.

இத்தனைக்கும் நல்ல விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் சார்தான் சொன்னார். "இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிட்டு ஓடவிட்டுப் பாரு. ஓடுச்சுன்னா அது உன்னுது. நின்னுச்சுன்னா நீ அதுக்கு வாடகை கட்டறே" என்றார். ஆற்றுக்கு மேலே பாலம் கட்டும் விளையாட்டு. அதன் மாதிரிப் பதிப்பை லேபில் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆடிப் பார்த்தேன். ஓடியது. கார்டு கேட்கவில்லை, கரடி இல்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஒரே தடவை வாங்கினால் போதும். ஆனால் 'ஒரே தடவை' என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார், காலி டப்பாவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆகவே அத்தை, நாளை சாயங்காலம் தற்செயலாக வருவதுபோல் வாருங்கள். வாண்டுவின் காலைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். பழைய சாமான்காரர் வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டால் போதும், நீங்கள் ஒன்றும் பேசக்கூட வேண்டாம். அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது உங்களுக்கு ஒருவருக்குத்தான். லிஃப்ட் அறுந்து விழும் என்றால்கூட அவர் அசரமாட்டார், "அக்கா வர்றா" என்றால் சட்டையை மாற்றுகிறார்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்து, மாடி ஏறும்போதும் நீங்கள் யாரையும் திட்டாமல் இருக்கும்படி ஆரோக்கியம் பெருக வேண்டும். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
பயத்தோடும் பணிவோடும்,
உங்கள் தம்பியின் மூத்த மகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்த பிறகு கரடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் பழி என்மேல்தான், பழிக்காகவாவது ஒருமுறை அமுக்கிப் பார்ப்போம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து 'தொடர்க' பொத்தானை அமுக்கினேன். கரடி அழுதது அத்தை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மலைப் பாதையில் நடந்து போய்விட்டது. "உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது. பணம் கட்டிய காலம் முடியும்வரை விளையாடலாம்" என்று வந்தது. அதற்குள் வாண்டுவின் கட்டையே பிரித்துவிடுவார்கள். அம்மா கேட்ட எழுவாய் கடைசியில் ரத்துதான். சந்தோஷத்தில் கத்தப் போனேன். அப்போதுதான் திரையின் அடியில், "இதுவரை எங்களுக்குப் பணம் செலுத்திய அன்பர்" என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயரைப் பார்த்தேன். இனிஷியலோடு.

அது உங்களுக்கு ரயில் டிக்கெட் எடுப்பதற்காக நீங்கள் அப்பாவை நம்பிக் கொடுத்த கார்டு எண். போன வாரம் நீங்கள் போன் செய்து, "எவனோ என் கார்டுல கை வெக்கறாண்டா. எவன்னு தெரியட்டும், ரெண்டு கையையும் ஒடிக்கறேன்" என்றபோது அப்பா ஏன் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆகவே அத்தை, மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. கரடி என்று ஒன்று கிடையாது. அப்பா கதவைச் சாத்தவே இல்லை. நாளை சாயங்காலம் நீங்கள் எங்கள் தெருப் பக்கமே வர வேண்டாம், வாண்டு யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. இதைக் கிழித்துவிட்டு, எங்கள் பள்ளியில் விளையாட்டு மைதானத்துக்குப் புதிதாக வேலி போட்டதைப் பற்றி உங்களுக்கு வேறு ஒரு நல்ல கடிதம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். மெதுவாகக் கூப்பிடுகிறார். "ஏம்மா, முழிச்சிட்டுத்தான இருக்க? அத்தைக்கு ஒரு லெட்டர் எழுதணும். எனக்குக் கை நடுங்குது. பேப்பர் இருந்தா எடு, நான் சொல்லச் சொல்ல