பதிவு பெற்ற நாயின் சொந்தக்காரர்

பதிவு பெற்ற நாயின் சொந்தக்காரரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை; அவரே வருவார். பல்பொருள் அங்காடியில், வங்கி வரிசையில், நூலகத்தில், தேவாலயத்தின் கடைசி இருக்கையில், எங்கெல்லாம் நாய்க்கு அனுமதியில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் நாயோடு நிற்பார். நாய்கள் ஓடி விளையாடவென்றே வேலி போட்டு வைத்திருக்கும் பூங்காவில் மட்டும் அவரைப் பார்க்க முடியாது. அங்கே அவருக்கு என்ன வேலை? அங்கேதான் யாரும் தடுக்க மாட்டார்களே.

ஆளைவிட நாயைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது சுலபம். முதுகில் சிவப்பு மேலங்கி. அதன் இரண்டு பக்கமும் 'உதவி நாய், தொடாதீர்கள்' என்ற வாசகம். கழுத்தில் தங்க நிற முத்திரை பதித்த அட்டை, அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. இவ்வளவையும் இணையத்தில் பதினோரு நிமிடத்தில் வாங்கிவிடலாம். நாயின் புகைப்படம் வேண்டும் என்பார்கள். நாயைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. படிவத்தில் ஒரே ஒரு கடினமான கேள்வி: 'உங்கள் நாய் நற்குணம் உள்ளதா?' இல்லை என்று எழுதிய சொந்தக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் இந்த மூலையில், எங்கள் ஊரில், இந்த இனத்துக்கு முதல் மாதிரி என்று ஹார்லன் டிட்மரைத்தான் சொல்ல வேண்டும். அறுபத்தொன்பது வயது. முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை மாட்டியவர். ஊரில் பாதிப் பேருடைய முகம் மறந்துபோனாலும் உலை இருக்கும் அவர்கள் வீட்டு நிலவறை மறக்காதவர். அவருடைய நாய் ஒரு பீகிள். குட்டைக் கால், தரையைக் கூட்டும் காது, எந்நேரமும் பசி. பெயர் மஃபின். உதவி நாய்க்குத் தின்பண்டத்தின் பெயர் இருந்தால் யார் மதிப்பார்கள்? ஆகவே ஹார்லன் படிவத்தில் 'மேஜர்' என்று எழுதினார். படிவம் அதை ஏற்றுக்கொண்டது. நாய் ஏற்கவில்லை.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீதிபதி வீட்டு நாயோ திருடன் வீட்டு நாயோ, எங்கள் மாவட்டத்தில் எல்லா நாய்க்கும் வருஷா வருஷம் ஜனவரியில் லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் ஒரு தகர வில்லை கட்ட வேண்டும். இது இன்னார் நாய் என்று சொல்வதற்கு மேல் அந்த வில்லைக்கு வேறு பெருமை கிடையாது. அடுத்தது உதவி நாய். உடம்பு முடியாத ஒருவருக்காகக் குறிப்பிட்ட ஒரு வேலையைப் பழகியது. எங்கேயும் போகலாம், அதற்கு அட்டையும் வேண்டாம், மேலங்கியும் வேண்டாம், ஆனால் தகர வில்லை அதற்கும் உண்டு. பிறகு மனத் துணைக்கான நாய். அது சும்மா கூட இருந்தாலே போதும். வைத்தியர் கடிதம் கொடுத்தால் வாடகை வீட்டில் விட்டுவைப்பார்கள், கடைக்குள் விடமாட்டார்கள். இணையத்தில் வாங்கிய அந்த அட்டை இவற்றில் எதில் சேரும் என்று கேட்கிறீர்களா? எதிலும் சேராது. காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கலாம்.

இதையெல்லாம் ஹார்லனிடம் சொன்னவர்கள் உண்டு. "வில்லை கட்டலியா?" என்று கேட்டால், "மாவட்டமா? என் நாய் நாடு முழுக்கப் பதிவு ஆனது. மாவட்டமெல்லாம் அதுக்குக் கீழேதான்" என்பார். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவர் மாதிரி அவ்வளவு நிதானமாகச் சொல்வார். கேட்டவருக்கே தன் நாயைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடும்.

அங்காடியின் உதவி மேலாளர் ரோண்டாவுக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை. சட்டப்படி தான் இரண்டே கேள்விதான் கேட்கலாம் என்பதை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்தத் திங்கட்கிழமை ஹார்லனை வாசலிலேயே மறித்தாள்.

"ஹார்லன், உங்க உடம்புக் குறைக்காகத் தேவைப்படற நாயா இது?"

"ஆமா. பதிவு பண்ணியிருக்கு. இந்தா அட்டை."

"அட்டையை நான் கேக்கவே கூடாது, உள்ள வைங்க. ரெண்டாவது கேள்வி. என்ன வேலை செய்யப் பழகியிருக்கு?"

ஹார்லன் கூரையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "கூட இருக்கும்" என்றார்.

"கூட இருந்து என்ன செய்யும்?"

"கூட இருக்கும்னா கூட இருக்கும். பின்ன என்ன, உலை மாட்டணுமா?"

ரோண்டாவின் அம்மா வீட்டு உலை, ஒரு கிறிஸ்துமஸ் அன்று நின்றுபோனபோது, கூப்பிட்ட குரலுக்கு வந்தவர் இதே ஹார்லன். அவள் வழியை விட்டாள். சட்டம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

உள்ளே போனவர் சும்மா இருந்தாரா? இந்த இனத்தின் தலையாய குணம் இனிமேல்தான் வருகிறது. பதிவு பெற்ற நாயின் சொந்தக்காரருக்குப் போலிகளைக் கண்டால் ஆகாது. மீன் விற்கும் இடத்தில் கொரின் என்கிற பள்ளி ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு கறுப்பு லாப்ரடார் வாயே திறக்காமல் படுத்திருந்தது. மேலங்கி இல்லை, அட்டை இல்லை. ஹார்லனுக்கு ரத்தம் கொதித்தது.

"அம்மா, உங்க நாயோட அட்டை எங்க?"

"அப்படி ஒரு அட்டையே கிடையாதுங்க."

"என்னுதுக்கு இருக்கே! சரி, இது என்ன வேலை செய்யும்?"

"எனக்குச் சர்க்கரை இறங்கினா, எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி இதுக்குத் தெரியும். மூக்கால முட்டும்."

"அதுக்கு அத்தாட்சி?"

"நான் இங்க நின்னு மீன் வாங்கிட்டிருக்கேனே."

ஹார்லன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது, பின்னால் கண்ணாடிப் பெட்டி சரியும் சத்தம் கேட்டது. அவருடைய உதவி நாய் தனக்குத் தானே உதவி செய்துகொண்டு, ஒரு முழு வறுத்த கோழியோடு பால் பொருட்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மேஜர்! மேஜர், நில்லு! மேஜர்!"

எந்த மேஜரும் திரும்பவில்லை. ஹார்லன் நாலு பக்கமும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "மஃபின்... மஃபின் கண்ணா" என்றார். நாய் உடனே வந்தது. கோழியும் கூடவே வந்தது. லாப்ரடார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

"நெஜமான உதவி நாயே ஆனாலும் அடங்கலேன்னா வெளிய அனுப்பலாம், ஹார்லன்" என்றாள் ரோண்டா. "இது மூணாவது கேள்வி இல்ல. அதோ வாசல்."

செய்தி அவருக்கு முன்பாகவே அவர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவி மார்லீன் இறந்த பிறகு ஹார்லன் வீட்டை விற்றுவிட்டு, நாய் வளர்க்க அனுமதியில்லாத இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே மேலாளர் கிளாடிஸ் ப்ரூயிட், மேலங்கியைப் பார்த்து இத்தனை நாள் பேசாமல் இருந்த அம்மாள், செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிட்டு அட்டையை வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இதுல மேஜர்னு போட்டிருக்கு. மேஜர் இங்க இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல. மஃபின்னு ஒண்ணு இருக்கே, அது யாரு?"

ஹார்லன் அட்டையைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வைத்தியர்கிட்ட ஒரு கடிதம். மாவட்டத்துல இந்த வருஷ லைசென்ஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டும் என் மேசைல இருக்கணும். இல்லேன்னா நாய் வேற எடம் பாத்துக்கணும், ஹார்லன். இதுக்கு மேல என்னால கண்டுக்காம இருக்க முடியாது."

வைத்தியர் கடிதத்துக்குத்தான் அலைச்சல் என்று நினைப்பீர்கள். இல்லை. புதன்கிழமை காலையில் கிடைத்துவிட்டது. "ரெண்டு வருஷமா ராத்திரி தூங்கறதில்லேன்னு நீங்களே சொல்றீங்க, நான் எப்பவோ எழுதியிருப்பேனே, கேட்டாத்தானே" என்று வைத்தியரே கடிந்துகொண்டு எழுதினார். மிச்சம் இருந்தது தகர வில்லை. கவுண்டரில் ஐந்து நிமிட வேலை. திருடன்கூட வாங்கலாம் என்று சொன்னேனே, அது.

புதன்கிழமை மத்தியானம் மாவட்ட அலுவலகத்து வண்டி நிறுத்தும் இடம் வரை போய்த் திரும்பினார். கூட்டமாக இருந்தது என்றார். ஒரே ஒரு டிராக்டர்தான் நின்றிருந்தது. வியாழக்கிழமை கதவு வரை போனார். நாடு முழுக்கப் பதிவான நாய்க்கு மாவட்டத்திடம் போய் நிற்பது தன்மானத்துக்கு இழுக்கு என்று நாயிடமே விளக்கினார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு உள்ளே போனார். மஃபினைப் பிரிந்து அந்த இரண்டு அறையில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கவுண்டரில் லொரெய்ன். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. படிவத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பிக் கொடுக்கிறவள் என்று பெயர் எடுத்தவள்.

"நாய் பேரு, கண்ணு?"

"மே... மஃபின்."

அவள் கணினியைத் தட்டினாள். "இருக்கே. பீகிள், ஆண், மூணு நிறம். ஆறு வருஷம் தவறாம எடுத்திருக்கு. ரெண்டு வருஷமா எடுக்கல. ஞாபகப்படுத்திக் கடிதம் அனுப்பினோமே, வரலியா?"

"வந்துது. பிரிக்கல."

"ஏன்?"

"என் பேருக்கு வரல."

லொரெய்ன் திரையை இன்னொரு முறை பார்த்தாள். சொந்தக்காரர்: மார்லீன் டிட்மர். அவள் குரல் மாறவில்லை, ஆனால் வேகம் குறைந்தது.

"அதே பேர்லயே குடுக்கலாமான்னா, அவங்கதான் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவ வரமாட்டா."

"சரி கண்ணு. அப்போ இந்தத் தாள். பழைய பேரை அடிச்சிட்டுக் கீழ உங்க பேரை எழுதுங்க. நான் அடிக்கக் கூடாது, நீங்கதான் அடிக்கணும்."

உலகத்தில் இருக்கிற எல்லாச் சான்றிதழையும் ஹார்லன் ஏன் வாங்கினார், இந்த ஒன்றை மட்டும் ஏன் வாங்கவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லொரெய்னுக்கும் தெரிந்தது. அவள் எழுந்து போய், ஏற்கெனவே தாள் நிறைய இருந்த பிரிண்டரில் இன்னும் தாள் வைத்தாள்.

ஹார்லன் கோடு போட்டார். மிக மெல்லிய கோடு. அடியில் இருந்த பெயரைத் தாராளமாகப் படிக்கலாம். கீழே தன் பெயரை எழுதினார். அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. 'உரிமை மாறிய காரணம்' என்று கேட்டு மூன்று கட்டங்கள்: விற்பனை, அன்பளிப்பு, மரணம். பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்து இரண்டாவது கட்டத்தில் குறி போட்டது.

லொரெய்ன் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை, வழக்கம்போல ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தாள். இரண்டாவது கட்டத்தில் விரல் நின்றது. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, தப்பாக நிரப்பிய படிவத்தின் மேல் முத்திரை குத்தி, வில்லையை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது வைத்தியர் கடிதமும் லைசென்ஸும் கிளாடிஸ் அம்மாள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. மஃபின் அங்கேயேதான் இருக்கிறது. அங்காடிக்கு வருவதில்லை, அதில் ரோண்டாவுக்கும் கோழிகளுக்கும் சந்தோஷம்.

இந்த இனத்தைத் தூரத்தில் கண்டால் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரித்தவன்தான். இணையத்தில் அட்டை வாங்க நமக்கு நாயும் இல்லை, அந்தப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. நாம் விவரம் தெரிந்தவர்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் வீட்டு மின்சார ரசீது யார் பெயரில் வருகிறது? மாற்ற வேண்டும், நேரமில்லை, ஆபீசில் அலையவிடுகிறார்கள் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? ஹார்லனும் கூட்டமாக இருந்தது என்றுதான் சொன்னார்.