வியன்னா அரண்மனையில் நான் உருவிய நூல்

துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் தொட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அருப்புக்கோட்டையில் முப்பது பவர்லூம் போட்டவன் நான். (யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்.)

மகள் செல்விக்கு வியன்னாவில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனையே கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனுடைய அப்பா பாலவனத்தத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். (எனக்கு அவர் சார்தான்.) பிள்ளைகளைப் பார்க்க இருவருமே அங்கே போயிருந்தோம். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளு பெருமை பேசாம நடந்து வாங்க. அவுக ஒங்களத்தான் பாக்க வந்திருக்காக" என்றாள் செல்வி.

கல் பாவிய தெருக்களில் மூன்று மணி நேரம் நடந்தோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எந்த ராஜா, எந்தச் சண்டை என்று சார் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்த ராஜா யாரும் அந்த ஊரில் இல்லை. வாயைக் கட்டிக்கொண்டு நடந்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பழைய அரண்மனை. சுவர் முழுக்க, குதிரையும் வேட்டைநாயுமாக நெய்த ஒரு திரை. சார் போர்டைப் படித்துவிட்டு, சுத்தப் பட்டு என்றார்.

"பருத்தி கலந்திருக்கு சார்."

"போர்டுல பட்டுன்னுதானே போட்டிருக்கு அண்ணாச்சி?"

"நீங்க போர்டப் படிப்பீக. நான் நூலப் படிப்பேன்."

தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், ஓரத்தில் ஒரு இழையை உருவினேன். கொளுத்தி மோந்தால் தெரிந்துவிடும். பட்டு என்றால் மயிர் பொசுங்கும் வாடை, பருத்தி என்றால் காகித வாடை. தீப்பெட்டிக்காகப் பையில் கைவிட்டபோது மணி அலறியது.

ஒரு சின்ன அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். செல்வி எனக்காக ஜெர்மனில் மன்றாடினாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சார் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

அரண்மனைத் துணிகளைப் பராமரிக்கும், கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து, இழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். திரை கனம் தாங்குவதற்காகப் பின்னால் புதிதாகத் தைத்த ஒட்டுத்துணியின் நூலாம். பருத்தியேதான். எச்சரித்து அனுப்பினார்கள். (நான் சொன்னது சரி. துணிதான் வேறு.)

வெளியே வந்ததும் சார் சொன்னார்: "இம்புட்டு அசிங்கத்துலயும் ஒங்க பொண்ணு ஒங்கள விட்டுக்குடுக்கல. எங்க வீட்டுக்கு அது போதும், சம்பந்தி."

சம்பந்தி வீட்டிலிருந்து முகூர்த்தப் பட்டு வந்தபோது, தாம்பாளத்தில் ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தது. உள்ளே ஒரே ஒரு இழை. மேலே சாரின் முத்து முத்தான கையெழுத்தில், 'சோதனைக்கு. சேலையை விட்டுவிடவும்.' அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து எந்தத் துணி வந்தாலும் பொட்டலத்தோடுதான் வருகிறது. வீடே சிரிக்கும். நான் கொல்லைப் பக்கம் போய்க் கொளுத்தி மோந்து பார்த்துவிட்டு வருவேன்.

போன தீபாவளி வேட்டியில் பாலியெஸ்டர் கலந்திருந்தது. சம்பந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.