எல்லாத்தையும் விரிங்க, டொக்டரம்மா

கண்டியில் அந்தக் காலத்தில் சேலை கட்டியவர்களில் பாதிப்பேர் விரிப்பு அண்ணன் கையால் வாங்கிக் கட்டியவர்கள். மீதிப்பேர் கொழும்பில் வாங்கியிருப்பார்கள், பாவம்.

அவருடைய சொந்தப் பெயர் கடைப் புத்தகத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது; இதையும் நான் சொல்ல, பேத்திதான் எழுதுகிறாள். அக்குறணை முதலாளியின் புடவைக் கடையில் அவர் விரிப்பார், நான் மடிப்பேன். கைக்குட்டை கேட்டு வந்த பிலிமத்தலாவை மாஸ்டருக்கு நாற்பது சேலை விரித்தார். மாஸ்டர் மூன்று சேலையோடு போனார். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

ஆனால் குறையைத்தான் முதலில் காட்டுவார். "இந்தா பாருங்க, இந்த மூலையில நூல் இழுத்திருக்கு." அதற்காகவே சனம் நம்பி வாங்கியது.

சில மாதம் தூங்கவே மாட்டார். ஒருமுறை, கட்டிக்காட்டுகிறேன் என்று தானே சேலையைச் சுற்றிக்கொண்டு நடுவீதியில் பஸ்ஸை மறித்தார். பிறகு சில மாதம் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் சுருண்டு கிடப்பார். அப்படிக் கிடந்த ஒருநாள், "நான் இல்லாட்டி என்ன தம்பி, கடை நடக்கும்தானே" என்றார். நானும் மதினியும், அதாவது அவர் சம்சாரமும், பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். நாலைந்து தடவை பேசிப் பார்த்த பிறகு, "மனம் மிதமிஞ்சி ஏறும், பிறகு ஒரேயடியா விழும். பைபோலர் எண்டு சொல்லுற வருத்தம்" என்று விளக்கி, ஒரு மாத்திரையின் பெயரை எழுதி நீட்டினார். அண்ணன் அந்தக் காகிதத் துண்டை வாங்கவில்லை.

"ஒண்ண மட்டும் காட்டுறீங்க. மத்ததையும் விரிங்க டொக்டரம்மா."

மதினி தலையில் அடித்துக்கொண்டார். டொக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஓம், விரிப்பம்."

"முதல்ல இதுல குறை எங்க?"

"கை கொஞ்சம் நடுங்கலாம். தாகமெடுக்கும். அடிக்கடி இரத்தம் சோதிக்க வேணும். இதை விட்டு மற்ற மாத்திரை எண்டால் நித்திரை கூடுதலா வரும், உடம்பும் வைக்கும்."

"என் வாய்? அது மங்கிட்டா கடையில நான் எதுக்கு?"

"மங்காதெண்டு பொய் சொல்லமாட்டன். மங்கினால் வந்து சொல்லுங்கோ, அளவைப் பாப்பம். நீங்களா நிப்பாட்டக் கூடாது."

வெளியே வரிசையில் ஒருவர் கத்தினார்: "உள்ளுக்கு என்ன, கூறைச் சேலையா எடுக்கிறாங்க?"

அண்ணன் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "குறைய மறைக்காத எடம். முதல்ல காட்டினதையே குடுங்க. ஆனா மங்குறது எனக்குத் தெரியாது. இவன்தான் பாத்துச் சொல்லணும்."

மாத்திரை தொடங்கியது. தூக்கம் வந்தது. விழவும் இல்லை. ஆனால் நீலச் சேலை கேட்டவருக்கு நீலச் சேலையை மட்டும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வேலை மிச்சம்தான். இருந்தாலும், "அண்ணே, மங்கியிருக்கீங்க" என்று சொல்ல மூன்று நாள் பிடித்தது. அவர் கோபிக்கவில்லை, மாத்திரையை எறியவும் இல்லை. என்னைக் கையோடு கூட்டிப்போய் டொக்டரம்மாவிடம் சொல்ல வைத்தார். அவர் இரத்தம் சோதித்து, அளவைச் சற்றுக் குறைத்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பல்லேகலயிலிருந்து ஒரு அம்மா வந்தார். அண்ணன் ஒன்று விரித்தார், இரண்டு விரித்தார், இருபதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை. "யோசிச்சிட்டு வாறேன்" என்று அந்த அம்மா ஒன்றும் எடுக்காமல் போய்விட்டார். மேசை நிறையச் சேலை. அவசரமே படாமல், ஒவ்வொன்றாக மடித்தேன்.