எட்டுப் பேரில் ஒருவன் மட்டும் உழைத்த கலியாண வீடியோ

மில்லிக்கன், ரொறொன்ரோ
வெள்ளிக்கிழமை மத்தியானம்

என் அன்பும் மதிப்பும் நிறைந்த மங்கையற்கரசி அக்காவுக்கு,

தம்பி பத்மநாதன் வணக்கத்துடன் எழுதுவது. கொக்குவில் வீட்டில் நீங்களும் மகள் நிலாணியும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே என் மனுசி பேபி சுகம், மகன் அபிஷன் சுகம், புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் நல்ல சுகம். எனக்கும் கம்பியூட்டருக்கும் மட்டும்தான் சுகமில்லை.

அக்கா, என் மகள் தனுஷிகாவின் கலியாணத்துக்கு வர உங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அதுக்கு நான் என்ன செய்ய? கலியாணம் முடிந்த நாளிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நிலாணியைக் கேட்டால், “வீடியோவைக் கண்ணால கண்டாப் பிறகுதான் கதைப்பாவாம், மாமா” என்கிறாள். தாய் தகப்பன் இல்லாத எனக்குத் தாயாயும் தகப்பனாயும் நிண்ட ஆள் நீங்கள். உங்கட குரலைக் கேளாமல் எனக்குச் சோறு இறங்குதில்லை. பின்வீட்டு எட்வேட் இண்டைக்குப் பின்னேரம் யாழ்ப்பாணம் வெளிக்கிடுகிறான். இந்தக் கடிதமும் வீடியோ உள்ள யூஎஸ்பி குச்சியும் அவன் வசம் வருகின்றன. ஏன் இவ்வளவு சுணங்கியது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பேபி சொன்னால் வேறு மாதிரிச் சொல்லுவா.

வீடியோக்காரர் தந்த படம் பெரிய சைஸ். உங்கள் டிவி அதைத் திறக்காது என்று நிலாணி சொன்னாள். ஆகவே டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அதுக்கென்று ஸ்டீல்ஸ் ரோட்டுப் பிளாசாவில் புதுக் கம்பியூட்டர் வாங்கினேன். “உள்ளுக்கு எட்டுக் கோர் இருக்கு அங்கிள், எட்டு மூளை மாதிரி, சும்மா பறக்கும்” என்றான் கடைப் பெடியன். கொண்டுவந்து மாற்றப் போட்டேன். காலமை நூற்றுக்கு இரண்டு வீதம். நான் கோயிலுக்குப் போய், அர்ச்சனை செய்து, மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் நூற்றுக்கு மூன்று. அபிஷனைக் கூப்பிட்டேன். அவன் எதையோ அமத்த, எட்டுப் பெட்டி கீறின படம் ஒன்று வந்தது. ஒரு பெட்டியில் கோடு முகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, மற்ற ஏழிலும் கோடு பாய் விரித்துப் படுத்திருக்கிறது. “அப்பா, உங்கட சொஃப்ட்வெயர் பழசு. ஒரு கோரைத்தான் யூஸ் பண்ணுது. அதர் செவன் ஆர் ஜஸ்ற் சில்லிங்” என்றான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காசு குடுத்து வாங்கினது எட்டுப் பேரை, முறிஞ்சு உழைக்கிறவன் ஒருத்தன்! எட்டிப் பார்த்த பேபி, “இதில என்ன புதினம்? உங்கட குடும்பத்தில கோணாமல் முறியிறது மங்கை மச்சாள் மட்டும்தானே. மற்ற எல்லாரும் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு ரீ வரும் எண்டு பாத்துக்கொண்டிருப்பியள்” என்றா. உங்களைப் புகழ்ந்ததால் மிச்சத்தை மன்னித்துவிட்டேன்.

அந்த ஒருத்தன் பாவம், சூடேறி அனல் கக்கினான். ஆறட்டும் என்று யன்னலைத் திறந்து வைத்தேன். வெளியில் பனி கொட்டுகிறது. பேபி குளிர் ஜக்கற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு குசினியில் நின்று புட்டு அவித்தா. அப்படிக் காவல் காத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்த நேரம், அவ சம்பல் அரைக்கிறதுக்கு மிக்ஸி வயரைக் கொழுவ இடமில்லாமல் கம்பியூட்டர் வயரைக் கழற்றிவிட்டா. திரும்ப முதலிலிருந்து! “அதிலதான் ஒண்டும் அசையேல்லையே, நித்திரை எண்டு நினைச்சன்” என்கிறா. அக்கா, நான் அண்டைக்குச் சம்பல் தொடவில்லை. புட்டு மட்டும் வாழைப்பழத்தோடு சாப்பிட்டேன்.

பிறகு அபிஷன் ஒரு வழி சொன்னான். படத்தை எட்டுத் துண்டாக வெட்டி எட்டையும் ஒரே நேரத்தில் விட்டால், ஆளுக்கொரு துண்டு இழுத்துக்கொண்டு ஓடுவாங்களாம். வெட்டி விட்டோம். அடி சக்கை! எட்டுக் கோடும் முகட்டில். உள்ளே இருக்கிற விசிறி விமானம் எழும்புகிற மாதிரிச் சத்தம். பேபி ரீ போட்டு முடிய முன்னம் எல்லாம் முடிந்தது. நான் கம்பியூட்டரைத் தடவிக் குடுத்தேன்.

இனி எட்டையும் ஒட்ட வேண்டும். எந்த வரிசை என்று சொல்லாமல் அபிஷன் வேலைக்குப் போய்விட்டான். எனக்கென்ன தெரியாதா? கலியாண அழைப்புக் கார்ட்டில் பெயர் வரிசை மாறி சின்னையா ஆட்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததை நான் மறப்பேனா? இந்த முறை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று, ஆர் மூத்தவரோ அவர் வருகிற துண்டை முன்னுக்கு வைத்து, வயசுப்படி, மரியாதைப்படி ஒட்டினேன். போட்டுப் பார்த்தால், முதலில் பெரியையா பாயாசம் குடித்து ஏப்பம் விடுகிறார். அடுத்தது சபை அறுகரிசி போட்டு வாழ்த்துகிறது. பிறகு சம்பந்தி பகுதி காரில் ஏறிப் போகினம், போன பிறகு மேளதாளத்தோடு வந்து இறங்குகினம். வயசில் இளையவர்கள் என்பதால் மாப்பிள்ளை பொம்பிளை கடைசித் துண்டு. தாலி கட்டுவதோடு படம் முடிகிறது. “ஐயோ, கையலம்பினாப் பிறகு தாலி கட்டின குடும்பம் எண்டு கொக்குவில் முழுக்கச் சிரிக்கப் போகுது!” என்று பேபி தலையில் கை வைத்தா. அபிஷன் போனில், “அப்பா, சீரியஸ்லி? கலியாணத்துக்கு ரைம் ஓடர், எது முதல் எது பிறகு எண்டு ஒண்டு இருக்கு” என்றான். திரும்ப ஒட்ட நேரமில்லை, எட்வேட் வரப் போகிறான். ஆகவே அக்கா, கடைசித் துண்டை முதலில் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாய்ப் பின்னுக்கிருந்து முன்னுக்கு வாருங்கள். பெரியையா வந்தால் டிவியை நிப்பாட்டுங்கள், அதோடு கலியாணம் முடிந்தது.

தம்பியில் குறை இருந்தால் மன்னித்து, ஒருக்கால் போனை எடுங்கள். ஹலோ என்று மட்டும் சொன்னாலும் போதும். பேபி உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னா. முருகன் உங்கள் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
பத்மநாதன்

பி.கு.: அக்கா, எட்வேட் அவதிப்பட்டு வந்து குச்சியைப் பறித்துக்கொண்டு விமான நிலையம் போய்விட்டான். நான் இந்தக் கடிதத்துக்கு உறை தேடிக்கொண்டிருக்கும்போது நிலாணி போன் எடுத்தாள். இரண்டாந்தரம் கேட்டதில் உங்களுக்கு விசா கிடைத்துவிட்டதாம். எனக்குத் திடீர் சந்தோசம் தரவென்று சொல்லாமல் விமானம் ஏறிவிட்டீர்களாம், நாளைக் காலமை இங்கே இறங்குவீர்களாம். கோபமே இல்லையாம். வாய் தவறிச் சொல்லிப்போடுவன் என்ற பயத்தில்தான் நீங்கள் போனை எடுக்கவில்லையாம், வீடியோக் கதை சும்மா சாட்டாம். நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். உடனே நிலாணி, “மாமா, அம்மா வந்து இறங்கின உடன உங்கட பெரிய டிவியில முழுக் கலியாணமும் பாக்கோணுமாம்” என்றாள். அழுகை நின்றுவிட்டது. ஒட்டுகிற நேரம் கம்பியூட்டரில் இடம் போதாமல், துண்டுகளையும் வீடியோக்காரர் தந்த மூலப் படத்தையும் நான் அழித்துவிட்டேன். அவரிடம் கேட்டேன், அவரும் இடம் போதாமல் அழித்துவிட்டாராம். இப்ப உலகத்தில் தனுஷிகாவின் கலியாணம் இருப்பது எட்வேட்டின் காற்சட்டைப் பையில் மட்டும்தான். அவனுடைய போனும் அணைந்துவிட்டது, குச்சி உங்களுக்கு எதிர்த்திசையில் பறந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை விமான நிலையத்தில் பேபி உங்கள் கையில் தருவா. நீங்கள் வாசித்து முடிக்கும் வரைக்கும் நான் கார் எடுக்கப் போயிருப்பேன்.