பச்சைக்கொடி ஏறிய ரயில்

திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலிருந்து ரயிலேறி வெளியூர் போன யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரயிலைக் கிளப்பியது இஞ்சின் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பச்சைக்கொடி என்பார்கள். கார்டு ஆட்டுகிற கொடி இல்லை. எங்கள் தெரு மாடி அறை ஒன்றில் குடியிருக்கும் பச்சைக்கொடி அண்ணா. தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. அதை அவர் உதறி ஆட்டினால்தான் எங்களுக்குப் பயணம் போன திருப்தியே வரும். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

வழியனுப்புவது என்றால் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டுகிற சமாசாரம் என்று நினைத்தீர்களா? மனிதர் கூடவே பெட்டிக்குள் ஏறுவார். சூட்கேஸைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போடுவார். பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்பார். அப்புறம் சக பயணிகளிடம் விசாரணை. என் தங்கை வேலையில் சேர முதல் தடவையாக பெங்களூரு கிளம்பியபோது, "நம்ம பொண்ணுங்க, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பெட்டி முழுவதிடமும் ஒப்படைத்துவிட்டார். போய் இறங்கியபோது மூன்று பெரியம்மா, இரண்டு சித்தப்பா, ஒரு மிலிட்டரிக்காரர் எல்லாரும் சேர்ந்து அவளை ஹாஸ்டல் வாசல் வரை கொண்டுபோய் விட்டார்களாம். வார்டன் மிரண்டுபோய்விட்டார்.

இன்னொரு கூத்து கேளுங்கள். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரிக்கு மாற்றல் வந்தது. விட்டது சனி என்று மாலையும் கையுமாக ஸ்டேஷனுக்கு ஓடினோம். வேறு யாரையோ ஏற்றிவிட வந்திருந்த பச்சைக்கொடி, முன்னே பின்னே தெரியாத அந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி, "போய்த்தான் ஆவணுமா சார்?" என்று கேட்டுவிட்டார். அதிகாரி உருகிப்போனார். "இந்த ஊர்ல எம்மேல இவ்ளோ பாசமா!" என்று இறங்கியவர், மாற்றலை ரத்து செய்துகொண்டு திரும்பி வந்து எங்களை வறுத்தெடுத்தார்.

எல்லாம் முடிந்து கடைசியில் ஓர் உத்தரவு போடுவார்: "போய்ச் சேந்ததும் போன் பண்ணணும்." போன் வரும்வரை சாப்பிடமாட்டார். மறந்தீர்களோ, மாசக்கணக்கில் பேச்சு கிடையாது.

ஆனால் அவர் மட்டும் எங்கும் போனதில்லை. மனைவி தவறிப் பல வருஷமாயிற்று. பிள்ளைகுட்டி இல்லை. "நீங்களும் ஒரு தடவ எங்கயாச்சும் போய்ட்டு வாங்கண்ணா" என்றால், "நான் போனா, வந்து சேந்துட்டேன்னு யார்கிட்டப்பா சொல்றது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவரை ஒரு ரயில் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தக் காலத்துப் பெட்டிகளைத் தேடிப்பிடித்து, தேக்குப் பலகைக்கு வார்னிஷ் அடித்து, கூண்டு ஃபேனையெல்லாம் துடைத்து மாட்டி, ராமேஸ்வரத்துக்கு ஒரு சுற்றுலா ரயில் விட்டார்கள். எங்கள் தெருவே கிளம்பியது. ஏற்றிவிட வந்த பச்சைக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. "இதாம்பா ரயிலு!" என்று பலகையைத் தட்டினார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

அங்கேதான் வந்தது வினை. இஞ்சின் இழுத்ததும் பெட்டி 'கடக்'கென்று ஒரு உலுக்கு உலுக்கும் அல்லவா? அந்த உலுக்கலில் இறங்கிவிடுவது அவர் வழக்கம். இத்தனை வருஷத்தில் தப்பியதில்லை. ஆனால் இந்தப் பெட்டி பார்க்கத்தான் பழசு; அடியில் எல்லாம் புதுசு. உலுக்காமல் குலுக்காமல் நழுவிவிட்டது. ஜன்னல் ஷட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று அலறினார்.

"தம்பி! மலை நவுருதுப்பா!"

பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் பார்த்த மலை, பாவம். கதவுக்கு ஓடியவரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தோம்.

விழுப்புரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"டிக்கெட்?"

"நான் ஏத்திவுட வந்தவன் சார்."

"விழுப்புரமே தாண்டியாச்சேங்க?"

"இன்னும் ஏத்திவுட்டு முடியல சார்."

நல்லவேளை, யாரோ ஒருவர் வராமல் ஒரு சீட்டு காலியாக இருந்தது. சுற்றுலாக்காரர்களைக் கெஞ்சி அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தோம்.

பழக்கம் விடுமா? விருத்தாசலம், திருச்சி, மானாமதுரை என்று எங்கே நின்றாலும் முதல் ஆளாக இறங்கி, ஜன்னலோரம் வந்து, "கைய வெளில நீட்டாதீங்க, பத்திரம்" என்று துண்டை ஆட்டி எங்களை வழியனுப்ப ஆரம்பித்தார். "அண்ணா, நீங்களும் வரணும்! ஏறுங்க!" என்று கத்தாத ஸ்டேஷன் இல்லை. திருச்சியில் நகர்கிற ரயிலுக்குள் அவரைத் துண்டோடு சேர்த்து இழுத்துப்போட்டோம்.

பாம்பன் பாலத்தில்தான் வாயடைத்துப்போனார். இரண்டு பக்கமும் கடல். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"எத்தினி பேர இங்க அனுப்பிருக்கேன். அல்லாரும் 'வந்துட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிடறீங்க. இவ்ளோ தண்ணி கீதுன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"



ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அவரவர் வீட்டுக்குப் போன் போட்டோம். வழக்கமாக அடுத்த போன் பச்சைக்கொடிக்குத்தான். அன்று அதற்கு வேலையில்லை. அவரும் தன் போனை எடுத்தார். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பையில் போட்டார். மறுபடி எடுத்தார்.

என் போன் அடித்தது. நாலடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டியபடி அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி... பத்திரமா வந்து சேந்துட்டேன்."

"அப்பாடா! எவ்ளோ நேரமா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா? இன்னும் சாப்பிடக்கூட இல்லண்ணா!"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"சரிப்பா. வெச்சிடட்டா?"

"வெக்காதீங்க. கடல் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

சொன்னார். நானும் அதே ஜன்னலில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். ஆனாலும் அவர் போனில் சொன்ன கடல்தான் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.