சைபர் அக்காவும் பதினெட்டு மீற்றர் இரும்பும்

அன்றைக்கு வவுணதீவுப் பக்கத்து வட்டையில் நின்றவர்கள்: எங்கள் கந்தோர் மனேஜர், ஓட்டமாவடியிலிருந்து லொறியோடு வந்த பட்டறைக்கார முஸ்லிம் அண்ணன் இரும்புக் காக்கா, அத்திவாரம் போட்ட மேசன், அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையார், அவருக்குப் பின்னால் அறுவடைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த பாதி ஊர், கடைசியாக நான். நிற்காதவர் ஒரே ஒருவர். யாருடைய வேலை நிற்குமா போகுமா என்று பார்க்க இத்தனை பேரும் கூடியிருந்தோமோ, அந்த ஆள்தான். சைபர் அக்கா.

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும், தான் எங்கே நிற்கிறோம் என்று ஐயம் திரிபறத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். மற்றவர்களெல்லாம் குத்துமதிப்பாகத்தான் நின்றுகொண்டிருந்தோம். இதை நான் சொல்லவில்லை, அவரே தினமும் சொல்லுவார்.

சுனாமிக்குப் பிறகு முளைத்த கட்டட வேலைக் கந்தோர்களில் எங்களுடையதும் ஒன்று. நானும் அக்காவும் கொம்பியூட்டரில் படம் கீறுகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். வாகரையில் அம்மா ஊருக்கெல்லாம், "மகன் டீவிப் பெட்டிக்குள்ள வீடு கட்டுறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. நான் கதிரையில் உட்கார முன் கைகால் கழுவுகிற ஆள். அக்காவோ பிந்தி வந்த பேத்தியைப் பாட்டி அதட்டுவது போல, கொம்பியூட்டரை அதட்டிக்கொண்டே வேலை செய்வார்.

படம் கீறுகிற அந்தத் திரையின் இடது கீழ் மூலையில் இரண்டு சின்ன அம்புக்குறி இருக்கும். அவை சந்திக்கிற இடம் சைபர், அதாவது பூச்சியம். அங்கிருந்துதான் கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்று எல்லாம் அளக்கப்படும். நாங்களெல்லாம் அந்தச் சைபரைக் கை போன இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். அக்கா தொடங்க மாட்டார். முதலில் நிலத்துக்குப் போவார், சுற்றிப் பார்ப்பார், "இஞ்ச அசையாத சாமான் என்ன இரிக்கு?" என்று கேட்பார். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் வேலிக் கம்பத்தைச் சைபராக வைத்து வீட்டுக்குப் படம் கீறினார். அந்தக் கம்பத்தை யாரோ விறகுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேசன் வேறொரு கம்பத்திலிருந்து அளந்ததில் குசினி பக்கத்து வளவுக்குள் முளைத்தது. பக்கத்து வளவுக்காரி கோர்ட்டுக்குப் போகவில்லை, நேரே குசினிக்குள் போய் அடுப்பு மூட்டிவிட்டாள். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தேர்த் திருவிழா முகம்.

அளவு போடுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். நாங்கள் போல்ட் போடுகிற இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு இவ்வளவு, அதிலிருந்து அடுத்ததுக்கு இவ்வளவு என்று சங்கிலி மாதிரிப் போட்டுக்கொண்டு போவோம். அக்கா ஒவ்வொரு துளைக்கும் சைபரிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒற்றை இலக்கம் மட்டும் எழுதுவார். ஏன் என்று கேட்ட மனேஜருக்கு அவர் சொன்ன விளக்கம் கந்தோர் முழுக்கப் பிரசித்தம்.

"வாகரையில ஆடு செத்தா, ஒருத்தன் சொல்லி மற்றவன் கேட்டு, களுவாஞ்சிக்குடிக்கு வரேக்க யானை செத்திடும். ஆளாள் வாயைக் கேட்டு அளக்கக் கூடாது சேர். எல்லாரும் ஆட்டுக்காரன்ட்டயே போய்க் கேக்கணும்."

இது கட்டடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கந்தோருக்கு வந்த ஒரு பெரிய மனிதர் கழிவறை எங்கே என்று கேட்க, "வாசல் தூணில இருந்து கிழக்க ஆறு, வடக்க ரெண்டரை" என்றார் அக்கா. பாவம் அந்த மனிதர் கால் மாற்றிக் கால் நின்று கணக்குப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர், தான் அடுத்த வருசம் கனடாவில் என்று மூன்று தரம் சொன்னாராம். பலகாரத் தட்டை வைத்துவிட்டு அக்கா கேட்டது: "அது சரி, இப்ப எங்க நிக்கிறீங்க? அதைச் சொன்னாத்தானே போற தூரம் தெரியும்." அந்தச் சம்பந்தம் அந்தப் பலகாரத்தோடு முடிந்தது. அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிஞ்சின முறுக்கை மறுநாள் கந்தோருக்குக் கொண்டு வந்தார்.

இந்த விசர் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார், அதுவும் முறுக்குக் கடித்துக்கொண்டு. அவர் நாவலடி ஆள். கடல் வந்து போன பிறகு அங்கே வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, தென்னை இல்லை, வெறும் மணல். தன் வளவு எதுவென்று ஒருவருக்கும் தெரியாமல் சனம் அலைந்தது. அக்கா மணலுக்குள் தங்கள் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி வைத்து அளந்து, இது குசினி, இது அறை, இது வாசல்படி என்று தடியால் கீறி விட்டார். பிறகு அயலட்டை எல்லாம் அந்தக் கிணற்றிலிருந்தே தங்கள் வளவுகளை அளந்து எடுத்தது. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நாவலடிக்காரரிடம் அதைக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்படியிருக்கத்தான் நெல்லுக் களஞ்சிய வேலை வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை ஓய்ந்து, வன்னியில் ஓயாமலிருந்த காலம். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த சனம் வட்டையை விதைத்துவிட்டது. வெட்டின நெல்லை வைக்க ஒரு கூரை இல்லை. மழைக்கு முன் களஞ்சியம் நிமிர்ந்தால் நெல் அவர்களுடையது. நிமிராவிட்டால் களத்தில் நிற்கிற வியாபாரி சொன்னதுதான் விலை.

சிக்கல் என்னவென்றால், வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்டி காஸ் சிலிண்டர் கொண்டு போக முடியாது, வெல்டிங் மெசின் கொண்டு போக முடியாது. இரும்புச் சட்டங்களை ஓட்டமாவடியிலேயே செய்து, துளை போட்டு, வட்டையில் அத்திவாரத்தில் நட்டிருக்கும் போல்ட்டுகளில் நேரே இறக்க வேண்டும். அங்கே வைத்து வெட்டவோ ஒட்டவோ வழியில்லை. ஒரு பக்கம் மேசன் போல்ட் நடுகிறார், மறுபக்கம் இரும்புக் காக்கா துளை போடுகிறார், ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது அக்கா கீறின படம் ஒன்றுதான். அதன் சைபர், வட்டை ஓரத்துப் பழைய கிணற்றுக் கட்டு.

மனேஜருக்கு இதில் நம்பிக்கையில்லை. ஒருநாள் அக்கா சாப்பிடப் போன நேரம் படத்தைத் திறந்து, பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சைபரைத் தூக்கி வேறு மூலையில் வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு அளவு போட்டார். அக்கா வந்து பார்த்தார். அந்த இலக்கத்தைக் கிணற்றிலிருந்து எண்ணிப் பார்த்தார். பிறகு கந்தோர் முழுக்கக் கேட்க, "சேர், கதவு வாவிக்குள்ள நிக்குது. நெல்லு மூட்டையைத் தோணியிலயா ஏத்தப் போறம்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். மனேஜர் சிரிக்கவில்லை. சட்டம் பொருந்தாவிட்டால் அக்காவின் கதிரை காலி என்று அப்போதே சொல்லிவிட்டார். அக்காவும் விடவில்லை. ஒரு துளையையாவது அரத்தால் உரச வேண்டி வந்தால் தானே கதிரையைத் தூக்கி வெளியே வைக்கிறேன் என்றார்.

படம் ஓட்டமாவடிக்குப் போய்ச் சில நாளில் இரும்புக் காக்காவின் போன் வந்தது.

"தங்கச்சி, ஒங்கட கட்டடம் ஓட்டமாவடியில தொடங்கினா எங்க போய் முடியிது?"

போய்ப் பார்த்தோம். பட்டறைக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சட்டம் புறப்பட்டு, வாசலைத் தாண்டி, தண்ணி ஓடுகிற கானைத் தாண்டி, பெரிய றோட்டில் பாதிவரை நீண்டு கிடந்தது. பொலன்னறுவை பஸ் ஒன்று அதற்கு முன்னால் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் முன்பக்கச் சட்டத்துக்கு, அதன் கிணற்றுப் பக்க நுனியிலிருந்து, 500, 1500, 4400, 5600, முடிவில் 6000 என்று மில்லிமீற்றரில் தனித்தனி இலக்கங்கள். அவரோ வாழ்நாள் முழுக்கச் சங்கிலி அளவில் வேலை செய்த மனிதர். ஒவ்வொன்றையும் முந்தின துளையிலிருந்து என்று நினைத்து, ஒன்றோடொன்று கூட்டி, மூன்று நீட்டு இரும்பை ஒட்டி, ஆறு மீற்றர்ச் சட்டத்தைப் பதினெட்டு மீற்றராக்கி வைத்திருந்தார். துளைகள் மட்டும் கோவில் சிலை மாதிரி அவ்வளவு சுத்தம்.

அக்கா ஒரு வெள்ளைக்கட்டியை வாங்கி, வேலைமேசையின் ஒரு ஓரத்தில் பெரிய சைபர் போட்டு, அதில் ஒரு ஆணியும் அடித்தார். அளவுநாடாவின் கொளுக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, "இத இனிக் கழட்டப்படாது. எல்லாத் துளையும் இதிலயிருந்துதான்" என்றார். இரும்புக் காக்கா நாடாவையும் பார்த்தார், றோட்டில் கிடந்த தன் படைப்பையும் பார்த்தார்.

"அப்ப இது மைல்கல் மாதிரி" என்றார் மெதுவாக. "கொழும்புக்கு இத்தின மைல் எண்டு கல்லுக் கல்லா எழுதியிரிக்கி. நான் அந்தக் கல்லெல்லாத்தையும் கூட்டிப் போட்டன்."

"அப்பிடிப் பாத்தா கொழும்பு எங்க காக்கா இரிக்கு?"

"மக்கத்துக்கும் அங்கால" என்றார் அவர். பஸ் ரைவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். காக்கா அந்த நீளச் சட்டத்தைப் பட்டறை வாசலுக்குப் பந்தல் தாங்கும் வளையாகப் போட்டுவிட்டு, புது இரும்பில் தொடங்கினார். ஒவ்வொரு சட்டத்திலும் அளவு தொடங்குகிற நுனியில் உளியால் ஒரு சின்ன வட்டம் கொத்தினார். அது அவராகச் செய்தது.

ஏற்றுகிற நாள் வந்தது. சாவடிக்குக் கொடுத்த பெயர்களில் மனேஜர் அக்காவின் பெயரைச் சேர்க்கவில்லை. படம் கீறின ஆளுக்கு வட்டையில் என்ன வேலை என்றாராம். அக்கா, "என்ட படம் போகுது, அது காணும்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னார். ஆனால் லொறி புறப்பட்டபோது கந்தோர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன்.

முதலில் கதவு வருகிற முன்பக்கச் சட்டம். ஆறுபேர் தூக்கி இறக்கினார்கள். இறங்கவில்லை. போல்ட் ஒரு இடத்தில், துளை ஒரு உள்ளங்கை தள்ளி. நாலு போல்ட்டும் அப்படித்தான். மேசன் தன் அளவு சரி என்றார், காக்கா தன் துளை சரி என்றார். விதானையார் ஒருவரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்திருந்தது.

"முடிஞ்சுது" என்றார் மனேஜர். அவர் எதைச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வட்டையில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான், லொறியின் தலைப்பெட்டிக்கு மேல். நான் ஏறிவிட்டேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்தார்.

"சட்டம் போல்ட்டில இருந்திட்டா?"

இருக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் படத்தை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எல்லாத் துளையும் ஒரே பக்கமாக விலகியிருக்கிறதா, அங்கேயும் இங்கேயுமா என்று கேட்டார். நான் கீழே கத்தினேன். மேசன் குனிந்து பார்த்து, ரெண்டு கிணற்றுப் பக்கம், ரெண்டு வரம்புப் பக்கம் என்றார்.

"காக்காட வட்டம் எந்தப் பக்கம் கிடக்கு?"

காக்கா பார்த்தார். வரம்புப் பக்கம்.

"தம்பி, சைபர் கிணத்தடியிலதான் இரிக்கணும். அவனுகள் சட்டத்தைத் தலைமாறிப் போட்டிருக்கானுகள். திருப்பச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து என் போனில் காசு முடிகிற சத்தம் வந்தது. நான் முழிப்பதைக் கீழேயிருந்து பார்த்த மனேஜர், லொறிச் சில்லில் கால் வைத்து ஏறி, தன் போனை நீட்டினார். "இதில எடு. வைக்காத" என்றார்.

ஆறுபேரும் சட்டத்தைத் தூக்கி, வட்டையில் அரை வட்டம் சுற்றி, திருப்பிக் கொண்டு வந்தார்கள். இறக்கினார்கள். நாலு போல்ட்டும் நாலு துளைக்குள்ளால் தலையை நீட்டின. இரும்பு கொங்கிறீற்றில் 'டொக்' என்று உட்கார்ந்த சத்தம் லொறிக்கு மேல்வரை கேட்டது. அரம் கொண்டு வந்த மேசன் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு கைதட்டினார்.

"அக்கா, கேட்டதா?"

"கேட்டது. மற்றது?"

மற்றதும் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் போனை உயர்த்திப் பிடித்தேன். ஒவ்வொரு 'டொக்'குக்கும் வட்டைச் சனம் கோவில் அரோகராவுக்குக் குறையாமல் கூவியது. காக்கா நட்டுகளைக் கையாலேயே திருகினார், சாவி தேவைப்படவில்லை. ஊர்ப் பெண்கள் குரவை போட்டார்கள். விதானையார் லொறியடிக்கு வந்து, போனைத் தன் பக்கம் இறக்கிப் பிடிக்கச் சொல்லி, "புள்ள, உனக்கு முதல் மூட்டை அரிசி இந்த வட்டையில இருந்துதான்" என்றார். மனேஜர் தன் பங்குக்கு, நாளைக்குக் கந்தோருக்கு வரேக்க நேரத்துக்கு வரச் சொல்லு என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வராது.

கடைசிச் சட்டமும் இருந்தது. சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு இலக்கம் வைத்திருந்த மனிதர், அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. மனேஜர் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. வைக்கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை தூறத் தொடங்கும்வரை அந்த இணைப்பு சும்மா திறந்தபடி கிடந்தது.

மாத முடிவில் போன் பில் வந்தபோது மனேஜர் அந்த அழைப்பின் காசைக் கந்தோர்க் கணக்கில் போடவில்லை. அவரும் காக்காவும் மேசனும் நானும் பிரித்துக் கட்டினோம். பேசாமல் இருந்த நேரத்தையும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு ரூபா.