நூற்றுப் பதின்மூன்றாவது கல்

பெங்களூர் காக்ஸ் டவுனில் குடியிருந்துகொண்டு, தன் சொந்த ஊர் எது என்பதை எந்தூர் சாரிடம் ஒப்புவிக்காமல் தப்பித்த மனிதப் பிறவி கிடையாது. தபால்காரர் சொல்லியிருக்கிறார். கீரைக்காரி சொல்லியிருக்கிறாள். வழி தவறி எங்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்த பசுமாடு ஒன்றுகூட, அவர் கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டுத்தான் வெளியேறியது. கன்னடக்காரர் வந்தால் "யாவ ஊரு?" என்பார். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரைசானி வந்தால் "நேட்டிவ் ப்ளேஸ் மேடம்?" என்பார். தெலுங்கு, உருது எதிலும் அந்த ஒரு கேள்வியைப் பிசகில்லாமல் கேட்கத் தெரியும். அதற்கு மேல் எந்த மொழியிலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது, தமிழ் உட்பட.

அவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. லேபிள் விழுந்துபோன மூட்டைகளையும் பெட்டிகளையும் அவர் மேஜைக்குத்தான் தள்ளிவிடுவார்களாம். அவர் முகர்ந்து பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், சாக்கின் தையலைத் தடவிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சேலம்" என்பார். பாதி நேரம் சரியாக இருக்குமாம். மீதி நேரம் என்ன ஆயிற்று என்பதை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு, ஒரே குழாய். மூலையில் இருந்த ஒற்றை அறை அவருடையது. தனிக்கட்டை. நாங்கள் மூன்றாம் நம்பர் வீடு. அப்பா இல்லை. அம்மாவும், சரோஜா என்கிற நானும்தான். எனக்கு இருபத்தொரு வயது, டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பினால், குழாயடியில் இந்த மனிதர் வேறொருவரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, அடுத்த தெருவில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா கிளம்பினார். கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கல்லாகச் சேர்த்து வைத்திருந்தார். பளபளக்கும் கல், பளபளக்காத கல், மீன் எலும்பு பதிந்த கல், ஒரு காலத்தில் மரமாக இருந்துவிட்டுப் பிறகு மனசு மாறிக் கல்லாகிவிட்ட கல். ஒவ்வொன்றிலும் அது என்ன, எங்கே கிடைத்தது என்று பொடி எழுத்தில் லேபிள் ஒட்டியிருந்தாராம். கப்பலில் ஏற்ற முடியாது என்று அவற்றை விற்கப்போவதாகச் சொன்னதும், எந்தூர் சார் போய் மூன்று தேயிலைப் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊர் எழுதிய கல் என்றால் அவர் விடுவாரா?

பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துரையின் பட்லர் சின்னப்பன் பொறுப்பான ஆள். விற்கிற சாமான் அழுக்காகப் போனால் துரைக்கு மரியாதை இல்லை என்று, முதல் நாளே எல்லாக் கல்லையும் தொட்டியில் ஊறப்போட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தான். கற்கள் மாப்பிள்ளைகள்போல் மின்னின. லேபிள்கள் தொட்டியடியில் கிடந்தன. அவற்றையும் அவன் வீணாக்கவில்லை. கொடியில் காயப்போட்டு, பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கிப் பத்திரமாகக் கொடுத்தான்.

"எல்லாம் இருக்குங்க. கல்லு நூத்திப் பன்னெண்டு, காகிதம் நூத்திப் பன்னெண்டு. எண்ணிட்டேன்" என்றான்.

எந்தக் காகிதம் எந்தக் கல்லுடையது என்பதுதான் பாக்கி. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். எந்தூர் சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரைத் தொலைத்த நூற்றுப் பன்னிரண்டு பேர் அவர் ஒருவரை நம்பி ஒரே சமயத்தில் வந்திறங்கியிருக்கிறார்களே!

அன்றிலிருந்து எங்கள் காம்பவுண்டுக்குச் சனி பிடித்தது. யாரோ ஒரு காலேஜ் பையனிடம் புத்தகம் இரவல் வாங்கிக் கல்லைச் சோதிக்கிற வழிகளைப் படித்தார். கல்லைப் பீங்கானில் உரசினால் விழுகிற கோட்டின் நிறத்தை வைத்து இனம் கண்டுபிடிக்கலாமாம். மெருகு ஏறாத பீங்கான் வேண்டுமாம். அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு அடிப்பக்கம் மெருகு கிடையாது என்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. ஜாடியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அதன் அடியில் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய கோலமே இருந்தது. கண்ணாடியைக் கீறுகிற கல் கெட்டியான கல்லாம். அதற்கு வீட்டு ஓனரம்மாவின் ஜன்னல்கள் இருந்தன. எலுமிச்சம்பழச் சாறு பட்டால் நுரைக்கிற கல் சுண்ணாம்பு வகையாம். எலுமிச்சம்பழத்துக்கு நாங்கள் இருந்தோம். ஒரு சொட்டு விட்டுவிட்டு, கல்லோடு காதை ஒட்டிக்கொண்டு, யாரும் பேசக் கூடாது என்று கையைக் காட்டுவார். குழாயடியில் எட்டு வீட்டுப் பெண்களும் குடத்தோடு வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

இதெல்லாம் போதாதென்று நாக்கு வேறு. எல்லாக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். கல்லாகிப்போன எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்று நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. அதை எடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று, நாக்கில் தொங்கவிட்டபடியே, கையை ஆட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். "ழ்ழா... ழ்ழா..." என்பதைத் தவிர வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, வலிப்பு என்று முடிவு கட்டி, அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை அடித்தாள். கல் விழுந்தது. "நர்மதை ஆத்தங்கரைம்மா!" என்று அவர் கத்தினார். அப்படி ஒரு லேபிள் டின்னில் இருந்ததாம். அம்மா இன்னொரு செம்பு அடித்தாள்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மெட்ராசிலிருந்து வந்திருந்தார்கள். பையன் லட்சணமாக இருந்தான், மீசை நன்றாக இருந்தது. பஜ்ஜி தட்டு வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, திரும்பவும் வாங்கிப்போன ஊறுகாய் ஜாடியைக் கொடுக்க வந்த எந்தூர் சார், அம்மா கண்ணால் காட்டிய எல்லா ஜாடையையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று பையனின் அப்பாவைக் கேட்டார்.

"மெட்ராஸ்."

"மெட்ராஸ் எல்லாரும் வந்து சேர்ற எடம்ங்க. பொறப்பட்ட எடம்?"

செங்கல்பட்டுப் பக்கம் என்றார் அந்த மனிதர். செங்கல்பட்டு ஜங்ஷன் ஆச்சே, அங்கே இறங்கி எந்த வண்டி மாறுவீர்கள் என்றார் இவர். ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் துரத்தினார். கடைசியில் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் வெளியே வந்தது. "அந்த ஊருக்கு மூணு வருஷமா ஒரு பெட்டி கிடக்குதுங்க, வாங்க ஆளில்லை. அங்க ஏதோ பங்காளிச் சண்டை, கோர்ட்டு கேஸுன்னு ராத்திரியோட ராத்திரியா ஒரு குடும்பம் போயிடுச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று வெகு அக்கறையாக விசாரித்தார். பையனின் அப்பாவுக்கு ரொம்ப நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். மீசையும் பின்னாலேயே எழுந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மிளகாய் அரைத்தாள். அரைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு அரைப்புக்கும் எந்தூர் சாரின் பரம்பரையை ஒரு தலைமுறை பின்னோக்கித் திட்டினாள். ஐந்தாவது தலைமுறையில் குழவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, முனை உடைந்தது. உடைந்த குழவி வீட்டில் இருக்கக் கூடாது, எங்கேயாவது போட்டுவிட்டு வா என்றாள்.

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். பெரிய துண்டைக் குப்பைமேட்டில் போட்டேன். உடைந்த முனையை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அவர் ஆபீசுக்குப் போயிருந்தபோது திறந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பெட்டியில் மற்ற கற்களோடு போட்டுவிட்டேன். நூற்றுக் கணக்கில் கிடக்கிற இடத்தில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் எண்ணுவார் என்று தோன்றவே இல்லை. பார்சல் குமாஸ்தா எண்ணாமல் வேறென்ன செய்வார்?

"கல்லு நூத்திப் பதிமூணு இருக்குது. லேபிள் ஒண்ணு குறையுது" என்று மறுநாளே காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பட்லர் சின்னப்பன் இப்போது ரிச்மண்ட் டவுனில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்து, அங்கே போய் அவனை அழைத்துக்கொண்டு துரையின் பழைய வீட்டுக்குப் போனார். இரண்டு பேருமாகத் தொட்டியின் அடியைத் துழாவி, சாக்கடை மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சின்னப்பன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தானாம். ஆஸ்திரேலியாவுக்குக் கடிதம் எழுதினார். மற்ற கற்களுக்கு ஒவ்வொன்றாக லேபிள் சேர்ந்துகொண்டே வந்தது. இந்த ஒன்றை மட்டும் அறை நடுவில் வைத்துக்கொண்டு, முகம் வாடி உட்கார்ந்திருப்பார். நான் முதல் மாதம் சிரித்தேன். இரண்டாவது மாதம் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது மாதம் அவர் அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பதில் கப்பலில் வந்து சேர்ந்தது. துரையின் கையெழுத்து புரியவில்லை, கான்வென்டில் படித்த பெண் நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று என்னிடமே கொண்டுவந்தார். கையில் அந்தக் கல்லும் இருந்தது. மாற்றி வாசித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.

"நூத்திப் பன்னெண்டுதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்கார் சார்" என்றேன்.

அவர் யோசனையாகக் கல்லை எடுத்து, அதுவரை நாக்குப் படாத உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்தார். விக்கல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"குண்டூர்" என்றார் மெல்ல.

உள்ளேயிருந்து அம்மா, "குண்டூருக்கா போறீங்க?" என்றாள். எங்கள் வீட்டில் மிளகாய் வாங்குவது குண்டூர் மிளகாய்தான். அவர் பார்வை அடுக்களைப் பக்கம் போயிற்று. பழைய அம்மியும் அதன்மேல் புத்தம்புதுக் குழவியும் அங்கே இருந்தன. அம்மியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு காணாமல்போன லேபிளைப் பற்றி அவர் பேசவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த மாதம் ஒரு காலேஜ் புரொபசர் வந்தார். யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறார். கற்கள் நன்றாக இருந்தால் காலேஜில் கண்ணாடி அலமாரி ஒன்றில் வைத்து, கொடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்தூர் சார் அன்று கோட்டு போட்டுக்கொண்டிருந்தார். பார்சல் பெட்டிப் பலகையில் தட்டுகள் அடித்து எல்லாக் கற்களையும் லேபிளோடு வரிசையாக வைத்திருந்தார். தகட்டில் என்ன பெயர் போட வேண்டும் என்று புரொபசர் கேட்டதற்கு, பெண்பிள்ளைபோல் வெட்கப்பட்டுக்கொண்டு காதோடு காதாகச் சொன்னார். வாசலில் கூடியிருந்த எங்களில் யாருக்கும் அது கேட்கவில்லை. ஆறு வருஷமாக அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் காபி கொண்டுபோயிருந்தேன். புரொபசர் வரிசையை ஒரு நோட்டம் விட்டு, இதெல்லாம் எங்களிடமே இருக்கிறது என்றார். மூலையில் லேபிள் இல்லாமல் ஒதுங்கிக் கிடந்ததைக் கண்டதும் பாய்ந்தார். ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கற்கால மனிதன் தானியம் அரைத்த கருவி, எவ்வளவு வழவழப்பு பாருங்கள், குறைந்தது மூவாயிரம் வருஷம் இருக்கும் என்றார். அதை வைத்து அரைத்த கற்கால மனுஷி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இது ஒண்ணு போதும். இதுக்காகவே அலமாரி தர்றேன். எங்க கிடைச்சது?" என்றார் புரொபசர்.

எந்தூர் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோட லேபிள் வரலைங்க."

"பரவாயில்லை. பெட்டி கோலார்க்காரரோடதுதானே? கோலார்னு எழுதிடலாம். ஊர் இல்லாம அலமாரியில வைக்க முடியாது. யார் வந்து கேக்கப்போறா?"

"நான் கேப்பேன் சார்" என்றார் எந்தூர் சார்.

புரொபசர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை எழுதினால் எல்லாக் கல்லும் அலமாரிக்குப் போகும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார். இவர் எழுதவில்லை. மூன்றாம் நம்பர் வீடு என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்னை அங்கேயே அரைத்திருப்பாள், காம்பவுண்டு ஒரு வருஷம் சிரித்திருக்கும். நானாவது வாயைத் திறந்தேனா? இல்லை. தினம் முந்நூறு பேரிடம் பேசிச் சம்பளம் வாங்கிய வாய், அன்று ஒரு வார்த்தைக்கு உதவவில்லை. புரொபசர் நோட்டில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். எந்தூர் சார் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குத் திருச்சியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த மாப்பிள்ளையின் அப்பாவையும் அவர் விசாரித்தார். திருப்தியாகத் தலையை ஆட்டியபோது, மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னபோது விட்டதைவிடப் பெரிய பெருமூச்சாக அம்மா விட்டாள். கல்யாணம் முடிந்து நான் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். சாக்குத் துணி சுற்றி, நாலு பக்கமும் தைத்து, அரக்கு வைத்திருந்தார். ரயிலில் பிரித்தேன். உடைந்த குழவி முனை. அதில் ஒட்டியிருந்த லேபிளில், அவருடைய உருண்டை எழுத்தில் இருந்தது: "பொருள்: அம்மிக் குழவி. ஊர்: மூன்றாம் நம்பர் வீடு, காக்ஸ் டவுன், பெங்களூர். கொடுத்தவர்: சரோஜா." நான் அழுததைப் பார்த்து, பிறந்த வீட்டை நினைத்து அழுகிறேன் என்று புது மாப்பிள்ளை ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

நான் போன மறுவருஷம் அவரை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று அம்மா எழுதினாள். கற்களையும் கொண்டுபோய்விட்டாராம். எங்கே என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. லேபிள் உரிந்துவிடும் என்று அதை நான் கழுவுவதில்லை. எட்டு வீட்டுக்காரர்களின் ஊரையும் விரல்நுனியில் வைத்திருந்த அந்த மனிதரிடம், உங்களுக்கு எந்த ஊர் சார் என்று எங்களில் ஒருவர்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்கு எங்கேயாவது எதிரே வந்தாரானால், உட்கார வைத்து, முதலில் அதைத்தான் கேட்பேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லட்டும், எத்தனை காபி ஆனாலும் சரி.